நூலகமா, அட்டவணையா, சூத்திரமா? சி நிரலில் சைன் எடுக்கும் வழிகள்

ஒரு சின்ன இன்வெர்ட்டருக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். நொடிக்கு 20,000 முறை இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து ஒரு சிறு வேலையைச் செய்யவைக்கும் சமிக்ஞை) வரும். ஒவ்வொரு முறையும் நேரத்தோடு 0.00005-ஐக் கூட்ட வேண்டும், அதை 2π-யாலும் 50-ஆலும் பெருக்க வேண்டும், சைன் எடுத்து, துடிப்பின் அகலத்தை மாற்றி அலையை உருவாக்கும் பிடபிள்யூஎம்-க்கு அனுப்ப வேண்டும். மொத்தம் நாலு வரி. ஆசிலோஸ்கோப்பில் முதல் ஒரு நிமிடம் அலை 50 ஹெர்ட்ஸை ஒட்டி அழகாக நின்றது. அடுத்த நிமிடம் 53-க்கு ஏறியது. பிறகு இரண்டேகால் நிமிடம் 46. அப்புறம் 61-க்குத் தாவிப் பத்து நிமிடம் அங்கேயே இருந்தது. கால் மணி நேரம் ஆனபோது திரையில் ஒரு நேர்கோடுதான் மிச்சம்.

முதல் சந்தேகம் சைன் சார்பின் மேல்தான் விழுந்தது. நூலகத்தின் சைனை எடுத்துவிட்டு அட்டவணை போட்டேன். அதே 53, அதே 46. அட்டவணையையும் தூக்கிவிட்டு ஒரு பல்லுறுப்புக் கோவை எழுதினேன். அதே 61, அதே நேர்கோடு. சைன் பாவம், எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தேடலில் சைன் எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடைபோட வேண்டியதாயிற்று. எங்கே எது பொருந்தும் என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். குற்றவாளி யார் என்பது கொஞ்சம் தள்ளி வரும்.

கணினியில் என்றால் யோசிக்க வேண்டாம்

மடிக்கணினியிலோ சர்வரிலோ ஓடும் நிரலுக்கு மேத் ஹெட்டரில் உள்ள சைன் சார்பே போதும். வேகமாக ஓட வேண்டும் என்று சொந்தமாக எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் பெறவில்லை, துல்லியத்தையும் தொலைத்தார்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் சைன், டபுள் எனப்படும் 64 பிட் தசம எண்ணின் கடைசி பிட் வரை ஏறக்குறைய சரியாக வரும். 10²² ரேடியன் என்ற அபத்தமான கோணத்தைக் கொடுத்தாலும் −0.8522 என்ற சரியான விடையைத் தரும். அவ்வளவு பெரிய கோணத்திலிருந்து 2π-யின் மடங்குகளைக் கழிக்க, பை-யின் மதிப்பு நூற்றுக்கணக்கான பிட்டுகள் வேண்டும். அந்த வேலையை நூலகம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நாமே எழுதும் குறுக்குவழிகள் முதலில் காலை வாருவது இந்த இடத்தில்தான்.

இன்டெல் சில்லிலேயே சைனுக்கு ஒரு கட்டளை இருக்கிறதே, அதைக் கூப்பிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1987-இல் வந்த 80387-இலிருந்து அது இருக்கிறது. அதற்குள் இருக்கும் பை 66 பிட்தான். கோணம் பை-யை நெருங்கும்போது விடையின் பெரும்பாலான இலக்கங்கள் குப்பையாகிவிடும். 64 பிட் ஜிலிப்சி அதைத் தொடுவதே இல்லை. நாமும் தொட வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. சைன் ரேடியனில் கேட்கும். 90 என்று கொடுத்தால் 1 வராது, 0.894 வரும். 30 கொடுத்தால் −0.988. பாகையை π/180-ஆல் பெருக்கிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் நினைவிருக்காது. லினக்ஸில் கணித நூலகத்தைத் தனியாக இணைக்கச் சொல்ல வேண்டும், கட்டளையின் கடைசியில் மைனஸ் எல்எம் போட மறந்தால் நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் திட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 0.5 போன்ற மாறிலியை நேரடியாகக் கொடுத்தால் ஜிசிசி கம்பைலர் தொகுக்கும்போதே விடையைக் கணக்கிட்டு எழுதிவிடும், லிங்க்கர் வாயே திறக்காது. அதே இடத்தில் ஒரு மாறியை வைத்ததும் பிழை வரும். நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி இந்த வகைதான். பை என்ற மாறிலியும் சி தரநிலையில் கிடையாது. அது பாசிக்ஸ் என்ற யுனிக்ஸ் தரநிலை சேர்த்துக்கொண்டது. தரநிலையைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொன்னால் ஜிசிசி அதை மறைத்துவிடும். இலக்கங்களை நீங்களே எழுதிக்கொள்வது உத்தமம்.

பை-யின் டபுள் மதிப்புக்குச் சைன் எடுத்தால் 0 வராமல் 1.2246 × 10⁻¹⁶ வருவதைப் பார்த்து, நூலகத்தில் பிழை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். டபுளில் அடங்கும் பை உண்மையான பை-யைவிடச் சரியாக அந்த அளவுக்குக் குறைவு. கொடுத்த எண்ணுக்குரிய விடையைச் சார்பு நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

சில்லுக்குள் போனால் கதை மாறும்

மைக்ரோகன்ட்ரோலரில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தச் சில்லில் தசம எண்களுக்கென்று வன்பொருள் இருக்கிறதா, இருந்தால் 32 பிட் எண்ணான ஃப்ளோட்டுக்கு மட்டுமா, டபுளுக்கும் சேர்த்தா?

ஆர்டுவினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி-யில் எதுவும் இல்லை. அங்கே டபுள் என்று எழுதினாலும் வழக்கமான அமைப்பில் 32 பிட் ஃப்ளோட்தான் கிடைக்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு சைனுக்கு நூறு மைக்ரோநொடியை ஒட்டி ஆகும். என் இன்டரப்ட்டோ 50 மைக்ரோநொடிக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே ஊனோவில் நூலக சைன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ப்ளூ பில் எனப்படும் பலகையின் கார்டெக்ஸ்-எம்3, ராஸ்பெரி பை பைக்கோவின் முதல் தலைமுறையில் உள்ள கார்டெக்ஸ்-எம்0 ப்ளஸ், இரண்டிலும் தசம வன்பொருள் கிடையாது. ஆனால் பைக்கோவின் ராம் அல்லாத நிலைநினைவகத்தில், அதாவது சில்லோடு அச்சாகி வரும் நினைவகத்தில், தசமக் கணக்குக்கான கைதேர்ந்த நிரல்கள் இருப்பதால் அது எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே ஓடும்.

பலர் பணத்தையும் நேரத்தையும் இழப்பது கார்டெக்ஸ்-எம்4-இல். அதில் தசம வன்பொருள் இருந்தால் அது ஃப்ளோட்டுக்கு மட்டும்தான். மாறியை ஃப்ளோட் என்று அறிவித்துவிட்டு, ஃப்ளோட்டுக்கான சைன்எஃப் என்று எழுத வேண்டிய இடத்தில் சைன் என்று எழுதினால் போதும்: கம்பைலர் ஃப்ளோட்டை டபுளாக்கி, மென்பொருளில் டபுள் சைன் கணக்கிட்டு, மறுபடி ஃப்ளோட்டாக்கித் தரும். விடை சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வேகம் மட்டும் பாதாளத்துக்குப் போயிருக்கும். 3.14159 என்று எழுதி, பின்னால் எஃப் போடாமல் விட்டாலும் இதே கதிதான். சைன்எஃப் 1999 தரநிலையிலேயே வந்துவிட்டது. ஜிசிசியில் டபுளுக்கு ஏற்றப்படுவதை எச்சரிக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது. எம்4-இல் வேலை செய்பவர்கள் அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

அட்டவணை

வேகம் வேண்டும், துல்லியம் ஓரளவு போதும் என்றால் அட்டவணை. இது கணினிக்கு முந்தைய உத்தி. 499-இல் ஆரியபட்டர் 24 சைன் மதிப்புகளை, சரியாகச் சொன்னால் அவற்றின் வித்தியாசங்களை, ஒரே செய்யுளில் அடைத்தார்: 225, 224, 222, 219 என்று தொடங்கி 22, 7 என்று முடியும். ஆரம் 3438. ஒரு ரேடியனில் அத்தனை கலைகள் (ஒரு பாகைக்கு 60 கலை) இருப்பதால் அந்த எண். பின்னமே வராதபடி ஆரத்தைப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் முழு எண்ணில் வைத்துக்கொண்டார். இன்று நாம் 32767-ஆல் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக வைப்பதும் அதே வேலைதான். நமக்குக் கம்பைலர் இருக்கிறது, அவருக்குச் செய்யுள் இருந்தது.

ஒரு முழுச் சுற்றை 256 பங்காக்கி, பக்கத்து மதிப்பை அப்படியே எடுத்தால் பிழை 0.012 வரை போகும். இரண்டு மதிப்புகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு எடுத்தால் அதே அட்டவணையில் பிழை 0.000075-க்கு இறங்கிவிடும். ஒரு பெருக்கலுக்கு இவ்வளவு லாபம் வேறெங்கும் கிடைக்காது. ஆர்ம் நிறுவனத்தின் சிம்சிஸ் நூலகத்தின் வேகமான சைனும் 512 பங்கு அட்டவணையும் நேர்கோடும்தான். ஆனால் பேராசை கூடாது. 1024 பங்கு வைத்து நேர்கோடும் போட்டால் பிழை 0.000005-க்குக் கீழே வரும், 16 பிட் எண்ணின் ஒரு படியோ 0.00003. அதற்கு மேல் அட்டவணையைப் பெரிதாக்கினால் நிரல் தங்கும் ஃப்ளாஷ் நினைவகம்தான் வீண்.

கால் சுற்றை மட்டும் சேமித்து மீதியைப் பிரதிபலிப்பால் எடுக்கலாம். அந்தக் கால் சுற்றை 256 பங்காக்கினால் 256 அல்ல, 257 மதிப்புகள் வேண்டும். 90 பாகையின் மதிப்பு அந்தக் கடைசி இடத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டால் அலையின் உச்சியில் மட்டும் ஒரு சின்ன முள் தெரியும், வாரக்கணக்கில் தேட வைக்கும். ஊனோவில் இருப்பது போன்ற ஏவிஆர் வகைச் சில்லில் இன்னொரு பொறி: கான்ஸ்ட் என்று எழுதினால் மட்டும் அட்டவணை ஃப்ளாஷிலேயே தங்காது, தொடங்கும்போது ராமுக்கு நகலாகும். மொத்த ராமே 2 கேபி, அதில் 514 பைட் போனால் கால்வாசி காலி. ப்ரோக்மெம் என்று சேர்த்து எழுத வேண்டும்.

பெரிய கணினியில் அட்டவணை அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. அட்டவணை கேஷில் (சில்லுக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகத்தில்) இல்லாமல் போனால், அதை எடுத்துவரும் நேரத்தில் நேரடியாகவே கணக்கிட்டுவிடலாம்.

சூத்திரம்

அட்டவணைக்கு இடமில்லை, பெருக்கல் மலிவு என்றால் சூத்திரம். பள்ளியில் படித்த டெய்லர் தொடரை எடுத்து x − x³/6 + x⁵/120 என்று நிறுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 90 பாகையில் அது 1.0045 தரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தேவைக்கு மேல் துல்லியமாகவும் ஓரத்தில் மோசமாகவும் இருப்பது அந்தத் தொடரின் குணம். பிழையை முழு இடைவெளியிலும் சமமாகப் பரப்பும்படி குணகங்களைச் சற்று மாற்றினால் போதும்: 0.9996949 x − 0.1656700 x³ + 0.0075134 x⁵. பெருக்கல் எண்ணிக்கை மாறவில்லை. −90 முதல் 90 பாகை வரை பிழை 0.00007-ஐத் தாண்டாது. கிட்டத்தட்ட எழுபது மடங்கு முன்னேற்றம், அதுவும் இலவசமாக. வேக சைன் என்று தேடி எடுத்து ஒட்டும் நிரல்களில் டெய்லர் தொடர் இருந்தால் நான் மூடிவிடுவேன்.

ஏழாம் நூற்றாண்டின் முதலாம் பாஸ்கரர் கொடுத்த சூத்திரத்துக்கு ரேடியனே வேண்டாம். கோணம் பாகையில் x என்றால், x(180 − x)-ஐ முதலில் கண்டுபிடியுங்கள். அதன் நான்கு மடங்கை, 40500-லிருந்து அதைக் கழித்து வருவதால் வகுங்கள். 30-க்குச் சரியாக 0.5, 90-க்குச் சரியாக 1. 10 பாகையில் 0.1753 வரும், சரியான விடை 0.1736. அதிகபட்சப் பிழை 0.0016-ஐ ஒட்டியதுதான். ஊனோவில் 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்-க்கு மொத்தமே 800 படிகள் என்பதால், அந்தப் பிழை ஒரு படியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரே குறை வகுத்தல். ஏவிஆரிலும் கார்டெக்ஸ்-எம்0-விலும் வகுக்கும் கட்டளை இல்லை, மென்பொருளில்தான் செய்ய வேண்டும். எம்3-இல் உண்டு. சில பாகைக்கு ஒருமுறை சர்வோவைத் திருப்பும் ரோபோ கைக்கு நான் இன்றும் இதைத்தான் போடுவேன். காகிதத்தில் சரிபார்க்க முடிகிற ஒரே சைன் இது.

கார்டிக்

பெருக்கலே இல்லாமல், நகர்த்திக் கூட்டி மட்டும் சைனும் கொசைனும் ஒன்றாக எடுக்கும் முறை. கான்வேர் நிறுவனத்தில் பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கணினிக்காக ஜாக் வோல்டர் உருவாக்கி 1959-இல் வெளியிட்டார். ஒரு அம்பை 45, 26.565, 14.036 பாகை என்று குறுகிக்கொண்டே போகும் கோணங்களால் இப்படியும் அப்படியும் திருப்பி இலக்குக்குக் கொண்டுபோவதுதான் அதன் சாரம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சுமார் ஒரு பிட் துல்லியம் கூடும். உள்ளே இருக்கும் மின்சுற்றையே நாம் அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சில்லில் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் ஏவிஆருக்குக் கார்டிக் போடச் சொல்லும் அறிவுரையை நம்ப வேண்டாம். ஏவிஆரில் 8 பிட் பெருக்கல் இரண்டே சுழற்சியில் முடியும், நகர்த்தலோ ஒரு கட்டளைக்கு ஒரு பிட் மட்டுமே. கார்டிக் எதை மலிவு என்று நினைக்கிறதோ அது அங்கே விலை அதிகம், எதைத் தவிர்க்கிறதோ அது மலிவு. எம்3-இல் நகர்த்தல் மலிவுதான், ஆனால் பெருக்கலும் அதே அளவு மலிவு என்பதால் சூத்திரமே முந்தும். எஸ்டிஎம்32ஜி4 வரிசைச் சில்லுகளில் கார்டிக் வன்பொருளாகவே இருக்கிறது, சில சுழற்சிகளில் விடை வந்துவிடும். அந்தச் சில்லு கையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

குற்றவாளி

நேரத்தை நான் ஃப்ளோட்டில் வைத்திருந்தேன். ஃப்ளோட்டில் இலக்கங்களுக்கு 24 பிட்தான் உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளியும் பெரிதாகும். நேரம் 256 நொடியைத் தாண்டியதும் இடைவெளி 30.5 மைக்ரோநொடி. நான் கூட்டுவது 50. அது அருகிலுள்ள மடங்கான 61-ஆக உருண்டுவிடும். 50 ஹெர்ட்ஸ் 61 ஆனது அப்படித்தான். அதற்கு முன் 53.4-ஆகவும், பிறகு 45.8-ஆகவும் உருண்டது. நேரம் 1024-ஐத் தொட்டதும் இடைவெளி 122, பாதியே 61. கூட்டும் 50 அதற்கும் குறைவு என்பதால் கூட்டினாலும் எண் நகராது. என் இன்வெர்ட்டரில் காலம் நின்றுபோனது.

அட்டவணை மாற்றியும் சூத்திரம் மாற்றியும் எதுவும் ஆகாததற்குக் காரணம் புரிந்திருக்கும். சைனை எப்படி எடுப்பது என்று நாள்கணக்கில் ஒப்பிட்டேன். கோணத்தை எப்படி வைத்திருப்பது என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

கோணத்தை முழு எண்ணில் வையுங்கள். 16 பிட் அன்சைன்ட் எண்ணில் 65536 என்பது ஒரு முழுச் சுற்று. எண் நிரம்பி வழிந்தால் தானாக 0-க்கு வரும், கோணமும் அதைத்தான் செய்ய வேண்டும். 359 பாகைக்கு அடுத்தது 0 என்பதற்கு ஒரு இஃப் கூட எழுத வேண்டாம். மேலே உள்ள சில பிட்டுகள் அட்டவணையின் இடம், கீழே உள்ளவை நேர்கோட்டுக்கான மிச்சம். சைன்ட் எண்ணில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழி எந்த உறுதியும் தருவதில்லை, கம்பைலர் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும். எஸ்டிஎம்32-இன் கார்டிக் வன்பொருளும் கோணத்தை ரேடியனில் கேட்பதில்லை. −1 முதல் 1 வரை அரைச்சுற்றுக் கணக்கில் கேட்கிறது. சி23 தரநிலையில் சேர்ந்த சைன்பை சார்பும் அப்படியே. அதற்கு 1 கொடுத்தால் 0 வரும், 10⁻¹⁶ மிச்சம் இல்லை. ஜிலிப்சியின் 2.41 பதிப்பிலிருந்து அது கிடைக்கிறது. ரேடியன் வகைக்கெழுவுக்கு வசதி, இயந்திரத்துக்கு வசதி சுற்றுதான்.

இதே வியாதி சைனின் உறவினர்களுக்கும் உண்டு. வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை, கொசைனிலிருந்து கோணத்தைத் தரும் ஏகாஸ் வழியாக ஃப்ளோட்டில் கணக்கிட்டால், ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைவானதெல்லாம் பூஜ்யமாகிவிடும். அவ்வளவு சிறிய கோணத்தின் கொசைன் ஃப்ளோட்டில் சரியாக 1. உருட்டலில் 1-ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டால் விடை எண்ணே இல்லை என்று வரும். ஹேவர்சைன் சூத்திரம் அதே தூரத்தைச் சைனின் வர்க்கத்தால் கணக்கிடுவதால் தப்பிக்கிறது. திசை வேண்டுமென்றால் ஏடேன் வேண்டாம், ஏடேன்2 எடுங்கள். எந்தக் கால்பகுதி என்று அதற்கு மட்டுமே தெரியும்.

சரி, என் இன்வெர்ட்டருக்கு எதைத் தேர்ந்தேன்? 20,000-ஐ 50-ஆல் வகுத்தால் சரியாக 400. சைன் சார்பும் வேண்டாம், கோணமும் வேண்டாம். மடிக்கணினியில் டபுள் சைனால் 400 மதிப்புகளைக் கணக்கிட்டு ஃப்ளாஷில் எழுதினேன். இன்டரப்ட்டில் ஒரு எண்ணி (கவுன்ட்டர்) 0 முதல் 399 வரை ஓடும், அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடவிட்டேன், 50-ஐவிட்டு அசையவில்லை.

ஒரு வாரம் கழித்து அதைப் பார்த்த நண்பர், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மோட்டாருக்கு 60 ஹெர்ட்ஸ் தர முடியுமா என்று கேட்டார். 20,000-ஐ 60-ஆல் வகுத்தால் 333.33. அட்டவணை முழு எண்ணில் முடியாது. அன்று மாலையே எண்ணியை எடுத்துவிட்டு 32 பிட் அன்சைன்ட் கோணம் வைத்தேன். ஒவ்வொரு இன்டரப்ட்டிலும் 50-க்கு 10737418-ஐக் கூட்டும், 60-க்கு 12884902. 50 ஹெர்ட்ஸில் இதனால் வரும் பிழை ஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பலகையில் கடிகாரமாக இருக்கும் படிகம் அதைவிடப் பல மடங்கு பொய் சொல்லும்.